கால் நோவும் கல்பின் குளிர்ச்சியும்

ஹஜ்ஜுக்கு நடந்து செல்வது சிறப்பா, வாகனத்தில் ஏறிச் செல்வது சிறப்பா என்று நம்மிடம் கேட்போர் உண்டு. 2022 ஜூன் மாதம் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் இளைஞர் கால்நடையாகப் புறப்பட்டு, 2023 ஹஜ்ஜுக்கு மக்கா போய்ச் சேர்ந்த செய்தியைப் படித்தவர்கள் இதை இன்னும் ஆவலோடு கேட்கிறார்கள். கேள்வி சட்டத்தைப் பற்றியதுதான். ஆனால் அதன் அடியில் வேறொன்று இருக்கிறது. கஷ்டம் என்பதே இபாதத்தா? பாதம் கொப்புளித்தால் அல்லாஹ்வுக்கு அது கூடுதலாகப் பிடிக்குமா?

ஸூரத்துல் ஹஜ்ஜின் 27ஆம் ஆயத்தைப் பாருங்கள். ஹஜ்ஜுக்கு வருமாறு மக்களை அழைக்கும்படி இப்ராஹீம் (அலை) அவர்களுக்குக் கட்டளையிட்ட அல்லாஹ், நடந்து வருவோரை முதலில் சொல்கிறான்; இளைத்த ஒட்டகங்களில் வருவோரைப் பிறகுதான் சொல்கிறான். நடப்போருக்கே சிறப்பு என்று கூறும் ஆலிம்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். (ஒட்டகமே இளைத்துப்போன பயணத்தில் ஏறி வந்தவர் மட்டும் கொழுத்தா வந்திருப்பார்!) ஆனால் எம்பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 10ல் ஒட்டகத்தின் மீதுதான் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஆகவே ஏறிச் செல்வதே சிறப்பு என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் முடிவு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனிதனின் நிலையைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடப்பது எளிதாக இருப்பவருக்கு நடை சிறப்பு. நடையால் நலிந்து குணம் கெட்டு அமலும் குறையுமானால் அவருக்கு வாகனமே சிறப்பு என்கிறார்கள். குணம் கெடுவதை இங்கே சேர்த்தார்களே, அதுதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. பத்துக் கல் நடந்த களைப்பில் கூட வந்தவரைச் சுடுசொல் சொல்லிவிட்டு, அஸரையும் களாவாக்கிய ஒருவர் எதைச் சம்பாதித்தார்?

ஒரு முதியவர், தம் இரு மக்களின் தோள்களில் தொங்கியபடி தள்ளாடி நடந்து வந்தார். இவருக்கு என்ன நேர்ந்தது என நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்திருக்கிறார் என்றனர். இவர் தம்மைத் தாமே வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி, அவரை வாகனத்தில் ஏறும்படி அண்ணலார் பணித்தார்கள். அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வேதனையை நாமாகத் தேடிப் போவது தீனில் இல்லை.

அப்படியானால் கஷ்டப்பட்டுச் சென்று வந்தவர்கள் முகத்தில் காணும் அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது?

ஹாஜரா அம்மையாரை நினைத்துப் பாருங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அவர்கள் ஓடியது கஷ்டப்பட வேண்டும் என்பதற்காகவா? பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடினார்கள். ஏழு முறை ஓடியும் ஸஃபாவில் நீர் இல்லை, மர்வாவிலும் இல்லை. ஓடாமல் விட்டு வந்த இடத்தில், குழந்தை கிடந்த இடத்தில் ஸம்ஸம் பீறிட்டது. ஓட்டத்துக்குக் கூலியாக நீர் வந்திருந்தால் ஓடிய இடத்தில் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஆயினும் ஓட்டம் வீணாகவில்லை. அதையே நமக்கு ஸயீயாக ஆக்கிவிட்டான் அல்லாஹ். இது அவனுடைய கட்டளை என்றால் அவன் நம்மைக் கைவிட மாட்டான் என்று கணவரிடம் அவர்கள் சொன்னது ஓட்டத்துக்கு முன்பு. தண்ணீரைக் கண்ட பிறகல்ல.

அலம் நஷ்ரஹ் ஸூராவில் கஷ்டத்துக்குப் "பின்" இலேசு என்று அல்லாஹ் சொல்லவில்லை, "மஅ" என்கிறான். கஷ்டத்தின் "கூடவே" என்று பொருள். அதையும் இருமுறை சொல்கிறான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஸூடான் வழியாகச் செங்கடல் கரை வரை நடந்த ஏழை ஹாஜிகளின் வரலாறு இதற்கு விளக்கவுரை போல இருக்கிறது. வழிச்செலவுக்காகப் பருத்திக் காடுகளில் கூலி வேலை செய்து, மீண்டும் நடந்து, ஆண்டுக்கணக்கில் போனார்கள். வழியிலேயே பிள்ளைகள் பிறந்தன. காபாவைக் கண்ட பிறகுதான் ஈமானின் இன்பம் என்று அவர்கள் எண்ணியிருந்தால் இரண்டாம் மாதமே திரும்பியிருப்பார்கள். நடையின் கூடவே அது அவர்களுக்குக் கிடைத்து வந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இதை வைத்துப் பிறர் கஷ்டப்படட்டும், நன்மைதானே என்று இருந்துவிடவும் கூடாது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா (ரஹ்) அவர்கள் கூஃபாவிலிருந்து மக்கா வரும் பாலைப் பாதையில் கிணறுகளும் குளங்களும் அமைக்கப் பெரும் பொருள் செலவிட்டார்கள். ஹாஜிகளின் தாகத்தைத் தீர்ப்பதால் அவர்களின் நன்மை குறைந்துவிடும் என்று அந்த அம்மையார் நினைக்கவில்லை.

மலப்புரத்து இளைஞரிடம் நாம் கவனித்ததும் நடையை அல்ல. பாகிஸ்தான் விசா கிடைக்காமல் பஞ்சாபில் மாதக்கணக்கில் அவர் காத்திருக்க நேர்ந்தது. நடப்பவரைச் சுற்றி ஊர் கூடும், கைகுலுக்கும், படம் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி யார் கூடுவார்? அவர் தேடிக் கொண்ட சிரமம் நடை. அல்லாஹ் கொடுத்தது காத்திருப்பு. ஸப்ருக்கு எது பெரிய சோதனை என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

இனி நேர்ச்சை செய்துவிட்டவர்களுக்கு. ஹஜ்ஜுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்தவருக்கு இயலாமற் போனால் அவர் வாகனம் ஏறலாம். அதற்குப் பகரமாக ஓர் ஆட்டை அறுத்துப் பலியிட வேண்டும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் சட்டம். செருப்பில்லாமல் நடப்பேன் என்று நேர்ந்திருந்தால் வெறுங்காலோடு போக வேண்டிய கடமை இல்லை. செருப்பை அணிந்து கொள்ளட்டும்.