முகம் மறைந்தால் அறம் மறையுமா?

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?” தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் அறநூல் பெரும்பாலும் இந்த ஒற்றை வரியே. திருக்குறள் பள்ளிக்கூடத்தில் வருகிறது. இவ்வரியோ அதற்கு முன்னரே வீட்டுக் கூடத்தில் காதில் விழுந்துவிடுகிறது. ஊரில் அந்த நாலு பேருக்கும் முகம் உண்டு, பெயர் உண்டு. ஒருவர் திண்ணையில் இருப்பார், ஒருவர் தேநீர்க்கடைப் பலகையில் இருப்பார், ஒருவர் கோயில் மண்டபத்தில் இருப்பார். தெருவில் நடக்கும் பையன் இன்னார் மகன், இன்னார் பேரன் என்பதை அவர்கள் கேளாமலே அறிவார்கள். அவர்களுடைய பார்வை அவனுக்கு வேலியாகவும் இருக்கும், சில வேளைகளில் விலங்காகவும் இருக்கும்.

பிழைப்பு நாடி வடக்கே வந்த நமக்கு அந்த நாலு பேர் வாய்க்கவில்லை. கரோல்பாகிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் மேல்மாடியில் குடியிருப்பவர் பெயரைக் கீழ்மாடியில் இருப்பவர் அறியாமலே பல ஆண்டுகள் கழிவதுண்டு. பேருந்தில் நம் அருகில் அமர்ந்தவர்க்கு நாம் ‘மதராஸி’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் வேறொன்றும் இல்லை. இப்படி அறிமுகமற்று வாழ்வதே ஒருவகை முகமூடிதான். பார்க்கும் கண் இல்லாத இடத்தில் அறம் எதன்மேல் நிற்கிறது என்னும் வினா, ஆகவே, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஏட்டு வினா அன்று, வீட்டு வினா.

அண்மையில் இவ்வினா நம் வட்டத்தில் எதிர்பாராத வழியாக எழுந்தது. தலைநகரின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த இளைஞர் ஒருவர் மேற்படிப்புக்காக இத்தாலி நாட்டின் பதுவா நகரில் இருக்கிறார். புனித அந்தோணியார் பெயரோடு சேர்த்து நம்மவர் பலர் அறிந்த ஊர் அது. 1222-ஆம் ஆண்டில் தோன்றிய அதன் பல்கலைக்கழகத்தில் 1592 முதல் 1610 வரை கலிலியோ ஆசிரியராயிருந்தார். அங்கிருந்து வெனிஸ் நகரம் இரயிலில் அரைமணி நேரப் பயணந்தான். பிப்ரவரி மாதத்து விடுமுறை நாளொன்றில் அவ்விளைஞர் அந்நகரத்து வேடத் திருவிழாவைக் கண்டுவந்து பெற்றோருக்கு நீண்ட மடல் எழுதினார்.

கடற்கழியின்மீது 1846-ஆம் ஆண்டில் அமைத்த பாலத்தைக் கடந்து, நிலையத்தின் படிகளில் இறங்கினால் எதிரிலேயே பெருங்கால்வாய். அன்று படகுகளிலும் பாலங்களிலும் வெள்ளை முகமூடியும் கருப்புப் போர்வையும் மூன்று முனைத் தொப்பியும் அணிந்தோர் நிறைந்திருந்தனர். இளைஞரும் காகிதக்கூழால் செய்த மலிவான முகமூடி ஒன்றை வாங்கி அணிந்துகொண்டார். மாலை இரயில் ஏறும்வரை கழற்றவில்லை. அங்கு சென்ற ஐந்து திங்களில் எந்த நாடு, எப்போது திரும்புவாய் என்று எவரும் தம்மைக் கேளாத முதல் நாள் அதுவே என்றும், அன்று தாம் எவருமல்லர் என்றும், அதில் தமக்கு இனம்புரியாத மகிழ்ச்சி உண்டாயிற்று என்றும் அவர் எழுதியிருந்தார். இறுதியில் ஒரு கேள்வி: “இப்படி மகிழ்ந்தது தவறா, அப்பா?”

தந்தைக்கு மனம் நொந்தது. “பெற்றவர் வைத்த பெயரையும் பிறந்த மண்ணையும் மறைத்துக்கொள்வதில் என்ன மகிழ்ச்சி?” என்பது அவர் கேள்வி. தாயாரோ, “ஒரு நாளாவது பிள்ளை நிம்மதியாக இருந்தானே” என்றார். மாதாந்தர இலக்கியக் கூட்டம் முடிந்து நாம் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர்கள் தந்தை பக்கமும், இளையவர்கள் தாயார் பக்கமும் சாய்ந்தனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்பதே நம் எண்ணம். அதனைப் பிரித்துணர, வெனிஸ் மக்கள் முகமூடியோடு வாழ்ந்த வரலாறு பெரிதும் உதவுகிறது.

தவக்காலத்திற்கு முந்திய களியாட்டமாக அங்கு இத்திருவிழா வளர்ந்தது. தவக்காலத்திற்கு முன்நாளை 1296-ஆம் ஆண்டில் ஆட்சிமன்றம் பொது விடுமுறையாக அறிவித்தது. 1436-இல் முகமூடி செய்வோருக்கெனத் தனி விதிமுறைகளே எழுந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்டோபர் மாதம் தொடங்கி, இடையிடையே நிறுத்தி, தவக்காலம் வரை முகமூடி அணியும் வழக்கம் நீண்டிருந்தது. அவர்கள் விரும்பி அணிந்த ‘பாவுத்தா’ என்னும் வேடத்தில் முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னே நீண்டிருக்கும். அதைக் கழற்றாமலே உண்ணலாம், பருகலாம். பேசினால் குரலும் மாறி ஒலிக்கும். அதை அணிந்தவர் பிரபுவாயினும் பணியாளராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், எதிர்ப்படுவோர் “முகமூடி அம்மையே, வணக்கம்” என்றே வாழ்த்துவர். குலமும் செல்வமும் ஒவ்வொரு சட்டைப் பொத்தானிலும் எழுதப்பட்டிருந்த சமுதாயத்தில், வணக்கத்தை எல்லார்க்கும் ஒன்றாக்கிய பெருமை அந்தக் காகிதக்கூழுக்கு உண்டு. அலுவலகத்தில் நாற்காலியின் உயரம் பார்த்து வணக்கத்தின் ஆழத்தை அளக்கும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

ஆயினும் அதே நகரம் முகமூடிக்கு அஞ்சவும் செய்தது. இரவில் முகம் மறைத்துத் திரிதலை 1339-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்தது. முகமூடி அணிந்தோர் ஆயுதம் தாங்கலாகாது என்றும் ஆணை பிறந்தது. 1638-இல் அரசின் இசைவோடு திறந்த சூதாட்ட மாளிகையில் ஆட வருவோர் முகமூடி அணிதல் வேண்டும். பணத்தை வைத்துச் சீட்டைப் பகிரும் உயர்குடியினர் மட்டும் திறந்த முகத்தோடு அமர்வர். தோற்பவன் முகம் மறைந்திருந்தது. அவன் குடும்பத்தின் வறுமையோ மறையவில்லை. குடிகள் பல நலிவுற்றதைக் கண்டு 1774-இல் அரசே அம்மாளிகையை மூடியது. பெண்டிர்க்கென இருந்த ‘மொரெத்தா’ என்னும் கருப்பு முகமூடி இன்னும் விந்தையானது. அதற்குக் கயிறு கிடையாது. உட்புறத்துப் பொத்தானைப் பல்லால் கடித்துத்தான் அதனை முகத்தில் நிறுத்த முடியும். ஆகவே அணிந்தவள் பேச இயலாது. ஒரே திருவிழாவில் ஒரு முகமூடி குரலுக்கு விடுதலை தந்தது. மற்றொன்று குரலையே பறித்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? முகத்தை மறைப்பது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு மோதிரக் கதை வருகிறது. ஆயன் ஒருவனுக்கு அணிந்தவரை மறைக்கும் மோதிரம் கிடைக்கிறது. அதன் துணையால் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைக் கவர்கிறான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் நல்லவனும் தீயவனும் ஒரே வழியில்தானே செல்வர் என்று அங்கே வாதிடப்படுகிறது. வாதம் கூரியது. ஆனால் மறைந்து நிற்பவன் பாவமே செய்வான் என்று அது முடிவு கட்டிக்கொண்டு தொடங்குகிறது. மறைவில் நிகழும் நன்மைகளை அது எண்ணிப் பார்க்கவில்லை. கோயில் உண்டியலில் பெயரின்றி இடும் காசும், தேர்தல் சாவடியின் திரைக்குப் பின்னே அளிக்கும் வாக்கும் மறைவில் நிகழ்பவையே. வாக்கு மறைவாயிராவிடில் பண்ணையாள் பண்ணையாரை எதிர்த்து எப்படி வாக்களிப்பான்?

இதற்கு மறுபுறம் மொட்டைக் கடுதாசி. அரசு அலுவலகங்களில் பணியாற்றுவோர் அனைவரும் அதனை அறிவர். பக்கத்து மேசைக்காரர்க்குப் பதவி உயர்வு வரும் வேளையில் பெயரற்ற கடிதம் ஒன்று மேலிடத்துக்குப் போகும். கோப்பில் ஒரு வரி எழுதினாலும் கீழே ஒப்பமிட்டு, தேதியும் இட வேண்டியவர்கள் நாம். அக்கடிதத்துக்கோ தலையும் இல்லை, ஒப்பமும் இல்லை. வெனிஸ் நகரத்தார் அரண்மனைச் சுவரில் சிங்கத்தின் வாயைச் செதுக்கி வைத்து, குற்றச்சாட்டுகளை அதில் இடச் செய்தனர். பெயரற்ற கடிதத்தால் விளையும் கேட்டைக் கண்டு, பின்னர் அவர்களே அதற்குக் கட்டுப்பாடு விதித்தனர். இன்று கைப்பேசித் திரை அந்தச் சிங்கத்தின் வாயாகிவிட்டது.

வாக்குச்சீட்டும் மொட்டைக் கடுதாசியும் பெயரை மறைப்பவைதாமே, வேற்றுமை எங்கே? மறைவின் விலையை யார் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. வாக்காளன் மறைவது வலியவன் கையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள; அதனால் எவர்க்கும் அநீதி இல்லை. மொட்டைக் கடுதாசிக்காரன் மறைந்து எறியும் கல்லோ வேறொருவர் தலையில் விழுகிறது. அஞ்சி வாழும் ஊழியர் ஒருவர் உண்மையான ஊழலைப் பெயரின்றித் தெரிவிப்பதும் உண்டே எனலாம். உண்டு, அங்கும் இதே அளவுகோலைத்தான் வைத்தல் வேண்டும். அவர் சொல்வது ஆராய்ந்து மெய்ப்பிக்கத் தக்கதா, அல்லது பிறர் நற்பெயரைக் கெடுப்பதோடு நின்றுவிடுவதா என்று பார்த்தால் போதும்.

வேடம் மனிதனைத் தளர்த்தவே வேண்டும் என்பதும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பல்லாயிரவர் வேடம் பூணுகின்றனர். காளியாகவும் குறவராகவும் அரசராகவும் வருவோர், வேடத்துக்கேற்பப் பல நாள் விரதம் காத்து, காப்புக் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை பெற்று அதனைக் கோயிலில் சேர்க்கின்றனர். காளி வேடம் பூண்ட கூலித் தொழிலாளியை ஊரார் ‘அம்மா’ என்று வணங்குவர். அவ்வேடத்தோடு பொய் சொல்ல அவருக்கு நா எழாது. அங்கே வேடம் கட்டவிழ்ப்பதில்லை, கட்டுகிறது. வெளித்தோற்றம் ஒன்றாகவும் உள்ளம் வேறாகவும் இருப்பதை வள்ளுவர் ‘கூடாவொழுக்கம்’ என்று தனி அதிகாரமிட்டுக் கடிந்தார். அவர் கடிந்தது வேடத்தை அன்று, வேடத்தின் பின்னே ஒளிந்த வஞ்சகத்தையே.

வெனிஸ் திருவிழா 1797-இல் நெப்போலியனிடம் குடியரசு வீழ்ந்தபின் தேய்ந்து, 1979-ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்பெற்றது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியதால் பிப்ரவரி 23-ஆம் நாள், முடிவதற்கு இரண்டு நாள் இருக்கையிலேயே, அதனை நிறுத்திவிட்டனர். பழங்காலக் கொள்ளைநோய் மருத்துவரின் நீண்ட மூக்கு முகமூடி அங்கு விளையாட்டுப் பொருளாக விற்ற தெருக்களில், பின்னர் எல்லாரும் மெய்யாகவே முகத்தை மூடி நடந்தனர். நாமும் இங்கே அப்படித்தான் நடந்தோம். தன்னை மறைக்க அன்றி, அடுத்தவரைக் காக்கவும் ஒருவன் முகத்தை மூடலாம் என்று உலகம் கற்றுக்கொண்ட காலம் அது.

இனி இளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர் மகிழ்ச்சியில் தவறில்லை என்பதே நம் துணிபு. அன்னிய நாட்டில் ஒருவன் தன் தோலின் நிறத்தையும் நாவின் ஒலியையும் ஒவ்வொரு நாளும் சுமந்து சென்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சுமையை ஒரு பகல் இறக்கி வைத்ததால் எவர்க்கும் கேடில்லை. அவர் பெயரை வெறுக்கவில்லை. கேள்விகளிலிருந்து ஓய்வு பெற்றார். தந்தையின் வருத்தத்திலும் ஒரு நியாயம் உண்டு. அந்த ஓய்வு இனிக்கிறதே என்று அதிலேயே தங்கிவிட்டால், எவர்க்கும் விடைசொல்லாத வாழ்வு பழகிப்போகும் என்பதே அவர் அச்சம். வெனிஸ் மக்களும் களியாட்டச் செவ்வாயோடு முகமூடியைக் கழற்றி, மறுநாள் விபூதிப் புதனன்று திறந்த முகத்தோடு சாம்பல் பெறுவர். முடிவு நாள் உள்ளவரைதான் அது திருவிழா.

நமக்கு எஞ்சுவது நம் பொறுப்பு. பிள்ளைகளுக்கு நாலு பேரின் கண்ணை மட்டுமே காட்டி அறம் புகட்டியிருந்தால், நாலு பேர் இல்லாத ஊரில் அவர்கள் கையில் என்ன இருக்கும்? ஊரிலுள்ள அந்த நாலு பேரை நாம் இகழவில்லை. வம்பு பேசுவோரும் அவர்களே. இறுதி நாளில் தோள் கொடுப்போரும் அவர்களே. இத்தொலைவில் அவர்கள் இல்லாக் குறையைத் தீர்க்கத்தான் சங்கம் கண்டு கூடுகிறோம். ஆனால் சங்கமும் ஒவ்வொரு பிள்ளையோடும் இரயில் ஏறிச் செல்ல முடியாது. ஆதலால் இனி அவர்களிடம் “நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்று கேட்பதோடு நில்லாமல், “இதனால் அடுத்தவர்க்கு என்ன ஆகும்?” என்றும் கேட்டுப் பழக்குவோம். முன்னதற்கு விடைகாண ஊர் வேண்டும். பின்னதற்கு எந்த ஊரிலும், எந்த முகமூடிக்குள்ளும், அவர்களே விடை காணலாம்.