ஓர் இலட்சமும் ஒரு மறுப்பும்

நடிகை ஒருத்தியின் பெயர் காதில் விழுந்ததும் நாட்டு மக்களின் நாவில் எழும் முதற்கேள்வி எது? "நன்றாகப் பாடுவாளா?" என்பதா? "நடிப்பில் தேர்ந்தவளா?" என்பதா? இல்லை தோழர்களே! "எவ்வளவு சேர்த்திருக்கிறாள்?" என்பதுதான்! வீடு எத்தனை, வண்டி எத்தனை, நகை எத்தனை பவுன், நாளொன்றுக்கு வாங்குவது எத்தனை ஆயிரம் என்று கணக்கெடுப்போர் தெருவுக்குப் பத்துப் பேர். மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சித் தொடரில் அழும் பெண்ணோடு தாமும் அழுதவர், எட்டு மணிக்கு அவளுடைய சொத்தைப் பேசிப் பெருமூச்சு விடுகிறார். அப்பெருமூச்சில் பாதி பொறாமை. மீதி, வாய்விட்டுச் சொல்லத் துணியாத ஓர் ஐயம். பெண்ணொருத்திக்கு இவ்வளவு பணம் நேர்வழியில் வருமா என்னும் ஐயம்!

நிலக்கிழாரைக் கண்டு எழாத ஐயம், வட்டிக் கடைக்காரரைக் கண்டு எழாத ஐயம், மடாதிபதியின் யானையையும் பல்லக்கையும் கண்டு எழாத ஐயம், பாடிப் பிழைக்கும் பெண்ணைக் கண்டதும் எழுகிறதே, ஏன்?

எங்கள் சுங்குவார்சத்திரம், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிக்கும் இடையே இருக்கிறது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த வட்டாரம். இன்று தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்ப்பெட்டியும் கைப்பேசியும் விளையும் வட்டாரம். பெட்டியைப் பூட்டுவதும் இங்கே; அப்பெட்டியில் தோன்றும் நடிகையின் சொத்தைப் பேசுவதும் இங்கே. என்னிடம் பயின்று, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குப் போன மாணவி ஒருத்தி, தொடர் நடிகை ஒருவர் வாங்கும் தொகையைச் சொல்லி வியந்தாள். "உன் சம்பளம் என்னவாயிற்று?" என்று கேட்டேன். "ஏ.டி.எம். கார்டு அண்ணன்கிட்ட இருக்கு டீச்சர். செலவுக்குக் கேட்டா குடுக்கும்" என்றாள், சற்றும் வருத்தமின்றி. நடிகையின் பணம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை!

செல்வம் எவ்வளவு என்பது சந்தைக் கேள்வி. பெட்டியின் சாவி எவர் இடுப்பில் என்பதே அறக்கேள்வி. இதனை விளக்க, நம் கொள்கைக்கு எதிர்முகாமில் நின்ற ஓர் அம்மையாரையே சான்றுக்கு அழைக்கிறேன்.

கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். வறுமை, குழந்தைப் பருவத்திலேயே அவரை இரயில் வண்டியில் பாடவைத்தது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாடகக் குழுவில் சேர்த்தார்கள். இலங்கை மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், மேடையில் இணைந்த குரல்கள் வாழ்விலும் இணைந்தன. கிட்டப்பாவுக்கோ முன்பே மனைவி உண்டு, சாதியும் வேறு. 1933 டிசம்பரில், முப்பது வயதும் நிரம்பாமல் கிட்டப்பா மறைந்தார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. வெள்ளைக் கதர் உடுத்தினார். இனி ஆடவரோடு சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

அந்த வெள்ளைச் சேலையை நாம் போற்ற முடியாது. கணவனை இழந்தவளுக்கு நிறம் ஆகாது என்றது எந்தச் சாத்திரமோ, அந்தச் சாத்திரத்துக்குத்தான் அதுவும் அடிபணிதல். ஆயினும் ஒன்று: சாத்திரம் வெள்ளையை உடுத்தி மூலையில் உட்காரச் சொன்னது. அவர் வெள்ளையை உடுத்தி மேடை ஏறினார்!

அந்நாளில்தான் "நந்தனார்" படமெடுக்க வந்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நடிக்க அவருக்கு விருப்பமில்லை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் வழியாகவே ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். பவுன் ஒன்று முப்பது ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. ஓர் இலட்சத்துக்கு மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம். ஓடிப்போவார்கள் என்று எண்ணினார், அவர்களோ ஒப்புக்கொண்டார்கள்! 1935-இல் படம் வந்தது. சேரியில் பிறந்த நந்தனாக ஒரு பெண். அவரை ஆட்டிவைக்கும் வேதியராக மகாராஜபுரம் விசுவநாத அய்யர். கதை நமக்கு உடன்பாடானதன்று. தில்லைக்குள் நுழையத் தீக்குளித்துத்தான் வரவேண்டும் என்ற கொடுமையைப் பக்தி என்று பாடிய கதை அது. நான் இங்கே எடுத்துக்கொள்வது கதையை அன்று, கூலியை. மறுப்பாகச் சொன்ன தொகையே விலையாக மாறியது. தன் குரலுக்குத் தானே விலை சொல்லும் நிலை ஒரு பெண்ணுக்கு வாய்த்தது. அதனால்தான் அவ்வோர் இலட்சம் இன்றுவரை பேசப்படுகிறது.

அந்தப் பணம் என்ன செய்தது? காந்தியார் கொடுமுடிக்கு வந்தபோது தங்கத் தட்டில் உணவு படைத்தார், "உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா?" என்ற பொருளில் அவர் கேட்க, தட்டையும் தந்துவிட்டார் என்பது அம்மையாரின் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் நிகழ்ச்சி. காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடினார். 1951-இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். நம் இயக்கத்தார் எதிர்த்த கட்சிக்குத்தான் அவர் பாடினார். இருக்கட்டும்! எவரிடமும் கையேந்தாமல், தன் பொருளைத் தான் நம்பிய கொள்கைக்குத் தான் கொடுத்தாரே, அது எத்தனை பெண்களுக்கு இயன்றது?

இன்னும் சுவையான செய்தி 1964-இல் நடந்தது. கலைஞர் எழுதிய "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகளாக அம்மையார் நடித்தார். தெய்வம் எங்கே என்று கேட்கும் ஒரு வரியைப் பாட அவர் மறுத்துவிட்டார். வரி மாற்றப்பட்டது என்பது திரையுலகம் அறிந்த செய்தி. பகுத்தறிவாளனுக்கு அந்த வரி இனிக்கும், மாற்றம் கசக்கும். ஆனால் எண்ணிப் பாருங்கள் தோழர்களே! நாளைக்கு அடுப்பெரிய இன்றைய கூலியை எதிர்பார்த்து நின்ற நடிகையாயிருந்தால், தெய்வத்தைத் திட்டச் சொன்னாலும் பாடியிருப்பாள், துதிக்கச் சொன்னாலும் பாடியிருப்பாள். அவளுக்குக் கொள்கை ஏது? ஆத்திகரானாலும் நாத்திகரானாலும், "மாட்டேன்" என்று சொல்ல முடிகிறவரிடம்தான் நாம் வாதாட முடியும். சொல்ல முடியாதவரை வென்று பயனென்ன?

இதனைத்தான் சனாதனம் நன்கு உணர்ந்திருந்தது. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் உடைமை இல்லை, அவர்கள் ஈட்டுவது அவர்களை உடையவனையே சேரும் என்று மனு எட்டாம் அத்தியாயத்தில் விதித்ததன் நோக்கம் வேறென்ன? பணத்தாசை மட்டுமா? கையில் காசில்லாதவள் எதிர்வார்த்தை பேசமாட்டாள் என்ற முன்யோசனை! வெள்ளையன் 1874-இல் ஒரு சட்டம் செய்தான்: மணமான பெண் தன் வேலையாலோ, எழுத்து, கலை, அறிவியல் திறத்தாலோ ஈட்டுவது அவளுடைய தனிச்சொத்து என்று. நல்ல சட்டம்! ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்குப் பொருந்தாது என்றும் அதிலேயே எழுதி வைத்தான். எஞ்சியவர் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வூரிலிருந்து தொலைவில்லை செங்கற்பட்டு. 1929 பிப்ரவரியில் அங்கே கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தபோது நகைத்தவர் பலர். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமையை அவளுக்கே முழு உரிமையாக்கியது. 1989-இல் தமிழகம் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு தந்தது. நகைத்தவர்களின் பேத்திகளும் அதனால் பயன்பெற்றார்கள்!

இன்னொரு கொடுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய நாளில் தன் பெயரில் பொருள் வைத்து, தன் மகளுக்கே அதை விட்டுச் செல்ல முடிந்த பெண்கள் எவர்? பொட்டுக் கட்டப்பட்டவர்கள்! குலமகளுக்கு மதிப்பு உண்டு, சொத்து இல்லை. தாசிக்குச் சொத்து உண்டு, மதிப்பு இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றது சமுதாயம். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவ்வகுப்பில் தோன்றியவர். பாடிச் சேர்த்த பொருளைக் கொண்டு 1920-களில் திருவையாற்றில் தியாகராயருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே நடந்த ஆராதனையிலோ பெண்கள் பாட இடமில்லை! கல்லுக்குக் கொட்டிய பொருளைக் கல்விக்குக் கொடுத்திருக்கலாமே என்று நம் மனம் கேட்கிறது; கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வாளாவிருக்கவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். பிறகு வாயில் திறந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் போராடி, 1947-இல் பொட்டுக்கட்டுதலைச் சட்டம் ஒழித்தது. ஆனால், பாடும் பெண்ணின் பணத்தை ஐயத்தோடு நோக்கும் கண்ணை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. இன்றைய தொடர் நடிகையின் சொத்தைக் கணக்கிடும் கண் அந்தப் பழைய கண்தான்.

சேர்த்தாலும் ஐயம்; இழந்தாலோ ஏளனம்! 1931-இல் முதல் தமிழ்ப் பேசும் படத்தில் நடித்த டி. பி. இராஜலட்சுமி, 1936-இல் "மிஸ் கமலா"வைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கினார், பின்னாளில் பொருளிழந்தார். சாவித்திரியும் 1971-இல் "பிராப்தம்" எடுத்து நட்டப்பட்டார், 1981-இல் மறைந்தார். படமெடுத்து நொடித்த ஆடவனை "பாவம், தொழிலில் நட்டம்" என்கிறோம். பெண்ணென்றால் "ஆடினாள், அழிந்தாள்" என்கிறோம். ஒரே நட்டத்துக்கு இரண்டு பேரேடு!

சமதர்மம் பேசும் தோழர் குறுக்கிடுவார்: "ஒருத்திக்கு இலட்சம், உழைப்பவளுக்குச் சில்லறையா? இதையா ஆதரிப்பது?" நியாயமான கேள்வி. இந்த ஏற்றத்தாழ்வை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், நடிகையின் வருமானம் எவ்வளவு பெரிதாயினும் அது கூலி; முதல் அன்று. தொடர் நடிகைக்கு நாட்கணக்கில்தான் ஊதியம். படப்பிடிப்பு இல்லாத நாளில் ஊதியமும் இல்லை. 2020-இல் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்றபோது, ஊரார் கோடீசுவரிகள் என்று எண்ணியிருந்தவர்கள் பலரும் தினக்கூலிகளே என்பது வெளிச்சமாயிற்று. அலைவரிசையின் முதலாளிக்கு அன்றும் விளம்பரம் ஓடியது. சொத்துக் கணக்குக் கேட்பதானால் அங்கேயும் கேட்போமே!

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனையில் கிடந்தபோது, கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்கள் எங்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் பின்னால் இலட்சம் இருந்ததா? தங்கத் தட்டு இருந்ததா? பலருக்கு ஏ.டி.எம். அட்டைகூடக் கையில் இருந்திருக்காது. தனியொருத்திக்கு மறுக்க ஓர் இலட்சம் வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஒருவர் தோளை ஒருவர் ஒட்டி அமர்ந்ததே போதுமானதாயிருந்தது. ஆலை மூடப்பட்டது, விடுதிகளின் நிலை சரியில்லை என்பதை நிறுவனமும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சாலையில் அமர்ந்து மறுக்கத் தெரிந்த அப்பெண்கள், மாதச் சம்பளம் வரும் நாளில் வீட்டிலும் ஒரு சொல் கேட்கட்டும்: "அண்ணா, என் கார்டைக் குடு."