வாவலும் வைனும் படையலில்

வெள்ளை வாவலுக்கு உப்பும் இஞ்சியும் போதும். மிளகாய்த்தூள் கூடினால் மீன் ருசியே செத்துவிடும். ஆவியில் 10 நிமிடம், அவ்வளவுதான்.

மலேசியாவின் மந்தின் எஸ்டேட்டில் பாட்டி காவல் தெய்வமான முனியாண்டிக்கு மீனோடு கள் படைத்தார். நான் வீட்டில் வாவலோடு வெள்ளை வைன் வைக்கிறேன். அதன் புளிப்பு எலுமிச்சை பிழிந்த மாதிரி மீனுக்குப் பொருந்தும்.

“குறள்ல புலால் மறுத்தலும் கள்ளுண்ணாமையும் இருக்கே அண்ணே” என்கிறான் தம்பி. இருக்கிறது: 26, 93ஆம் அதிகாரங்கள். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்களே கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். நியாயம்தான், கூலியை விழுங்கிய கடை அது.

ஆனால் சாமிக்கு வைக்கும் ஒரு குவளை வேறு. நாம் உண்பதைப் பகிர்வதுதான் படையல். காவல் தெய்வத்தைச் சைவமாக்கத் துடிப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு மீன்சட்டியைக் கவிழ்க்கட்டும்.