மழை பெய்தால் சம்பளம் இல்லை

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பாட்டு எழுதி முடித்தேன். பண்டமாரான் வீட்டின் மேல்மாடி அறையில், கைப்பேசியிலேயே பதிவு செய்தது. ஒரு கித்தார், என் குரல், பின்னால் ஜன்னல் தகரத்தில் விழும் மழை. பாட்டி பிறந்து வளர்ந்த காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தைப் பற்றிய பாட்டு. இருட்டில் நெற்றியில் விளக்கு கட்டிப் போகும் பெண்கள், வரிசை தப்பாத மரங்கள், மங்கில் சொட்டும் பால், கடைசி அடியில் மழை. கேட்ட நண்பர்கள், "கண்ணு கலங்கிருச்சுடா" என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கலங்கியிருந்தது.

பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். 79 வயது. முழுசாகக் கேட்டார்.

"கொரலு நல்லாத்தான்டா இருக்கு. ஆனா மழைய எதுக்கு அப்படிக் கொஞ்சுற?"

"அழகா இருக்குமே பாட்டி, தோட்டத்துல மழை."

"யாருக்கு அழகு? மழ பேஞ்சா மரம் வெட்ட முடியாது. வெட்டலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. விடியக்காலம் மழச் சத்தம் கேட்டா எங்கம்மா எழுந்திரிக்காமலே அழுவும். நீ பாடுறது தொரை வீட்டு ஜன்னல்லேர்ந்து பாத்த மழ."

அதோடு எழுந்து சாமி விளக்கு ஏற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. இந்தக் கட்டுரை அன்றைக்கு ஆரம்பித்த யோசனைதான். ஒரு நிலத்தைப் பாட யாருக்கு உரிமை?

நான் பாட்டு எழுத ஆரம்பித்ததற்குக் காரணம், எனக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்கர். பெயர் ஹௌ கெல்ப். அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்துக்காரர். 'ஜயன்ட் சேண்ட்' என்ற அவருடைய இசைக்குழு 80களிலிருந்து இருக்கிறது. பெரிய கம்பெனிகளை நம்பாமல் பல ஆல்பங்களைத் தானே வெளியிட்டவர். கிராமிய இசை, ராக், ப்ளூஸ் எல்லாம் கலந்த அமெரிக்கானா வகையில் அவரைச் சேர்ப்பார்கள். தாழ்ந்த, வறண்ட குரல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நிறைய இடம் விடுவார். ஷா ஆலாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வீடு திரும்பும் காலைகளில் அவரைக் கேட்பேன். அவர் குரலைக் கேட்டால் கள்ளிச்செடிகள் நிற்கும் வெட்டவெளி கண்ணில் தெரியும். மண்தான் மனுஷனைப் பாட வைக்கிறது என்று முடிவு கட்டினேன். அப்படியானால் என் மண் எது? அங்கேதான் பாட்டியின் தோட்டத்துக்குப் போனேன்.

பாட்டி என்னைத் திருத்திய பிறகு கெல்பைப் பற்றிக் கொஞ்சம் ஒழுங்காகத் தேடிப் படித்தேன். அவர் பாலைவனத்தில் பிறந்தவரே இல்லை! பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி என்ற ஆற்றங்கரை ஊர்க்காரர். 1972இல் சஸ்குவஹான்னா ஆறு கரை புரண்டபோது வீடு வெள்ளத்தில் போனது. அதன் பிறகுதான் டூசானுக்கு வந்தார். வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்தான் பாலைவனத்தின் குரலானார். 1985இல் வந்த ஜயன்ட் சேண்டின் முதல் ஆல்பத்துக்குப் பெயர், தமிழில் சொன்னால், 'மழையின் பள்ளத்தாக்கு'.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரைப் படிக்கும்போது சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது நானும் மூன்று நாள் போய்ச் சேறு வாரினேன். ஊறிப்போன மெத்தைகளைத் தெருவில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த எவரும் அந்த வாரம் மழையைப் பற்றிக் கவிதை எழுதியிருக்க மாட்டார்கள். அதை நேரில் பார்த்தவன்தான் மூன்று வருஷம் கழித்துப் பாட்டில் மழையைக் கொஞ்சியிருக்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்வார்கள். ஒன்று, அங்கே பிறந்தவனுக்கே உரிமை. கெல்பின் கதை அதை உடைத்துவிடுகிறது. இரண்டு, அங்கே கஷ்டப்பட்டவனுக்கே உரிமை. இது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் இதை அப்படியே ஒப்புக்கொண்டால், பாட்டியின் தலைமுறை போனதும் தோட்டத்தைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. கஷ்டப்பட்டவர்களில் பாட நேரம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? காலையில் பெரட்டு, பகலெல்லாம் வெட்டு, மாலையில் பிள்ளைகள். பாட்டி ஒரு பாட்டும் எழுதவில்லை. எழுதாததால் அவர் வாழ்க்கை பேசப்படவே கூடாது என்பது இன்னொரு அநியாயம்.

'படைப்பாளிக்கு எங்கேயும் போக உரிமை உண்டு' என்று மூன்றாவதாக ஒரு பதிலும் இருக்கிறது. நம் மரபே அதற்குச் சாட்சி என்பார்கள். ஆண் புலவர்கள் தலைவியின் குரலில் பாடினார்கள். வயல்காட்டு ஊரிலிருந்தவர் மலையைப் பாடியிருக்கலாம். திணை என்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை. நானும் இந்தப் பதிலில்தான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். ஆனால் பாலைத் திணை என்னை அங்கே நிம்மதியாக இருக்க விடவில்லை.

தொல்காப்பியர் காடு, மலை, வயல், கடல் என நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொல்கிறார். பாலைக்கென்று தனி நிலம் சொல்லவில்லை. பாலை எப்படி உண்டாகிறது என்பதைச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் சொல்கிறது: முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டு, அங்கிருப்பவர்க்குத் துயரம் தரும்போது அவையே பாலையாகின்றன. அப்படியென்றால் பாலை என்பது மணலோ கள்ளியோ இல்லை. ஒரு நிலம் தன்னிடம் இருப்பவரைக் காப்பாற்ற முடியாமல் போகும்போது அடையும் நிலை. அதன் உரிப்பொருள் பிரிவு, அதிலும் பெரும்பாலும் பொருள் தேடிப் போகிற பிரிவு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் கதை முழுக்கப் பாலைதான். பாட்டியின் அப்பா தமிழ்நாட்டில் மழை பொய்த்த ஒரு சிற்றூரிலிருந்து கப்பல் ஏறியவர். இறங்கியது போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய இதே துறைமுகத்தில். பண்டமாரானிலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம். மழையில்லாத ஊரை விட்டுவிட்டு, வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் மழையே சம்பளத்தைப் பிடுங்கியது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் வடியாது, மரமெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை நாளில் வெட்டு இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் நாள்கூலியை மாற்றி மாதச் சம்பளம் கேட்டு அத்தனை ஆண்டுகள் போராடியதற்குப் பின்னால் இந்த மழையும் இருந்தது. கார்காலம் வந்தால் தலைவன் திரும்புவான் என்பது முல்லை. கார்காலம் வந்தால் அடுப்பு அணையும் என்பதற்கு என்ன திணை? பாட்டியைக் கேட்டால், பச்சையாக இருக்கும் பாலை என்றுதான் நான் புரிந்துகொள்வேன்.

ஆக, புலவர்களுக்கு எங்கேயும் போகும் சுதந்திரம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நிலம் அங்கே வாழ்பவரை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போனார்கள். நான் மரத்தைப் பார்த்தேன், மரத்துக்குக் கீழே நிற்பவரின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. காட்சி எனக்கு இலவசமாகக் கிடைத்தது. பாட்டி அதற்கு விலை கொடுத்திருந்தார்.

நிலத்தை அழகாக மட்டும் காட்டும்போது எது மறைகிறது என்பதற்கு நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். மே மாதம் அதன் தலைவர் ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டார், பிறகு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சம்பள உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று: துரையோ அதிகாரியோ எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய கட்டாயம் கூடாது. அந்த மரங்களுக்கு நடுவே போன செம்மண் பாதையை என் பாட்டில் வர்ணித்திருந்தேன். அதில் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார் என்பது பாட்டில் இல்லை.

இப்போது அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டை நம் வீட்டுக் கல்யாணங்களில் ஆடாதவர்கள் இல்லை. அறிவு அரக்கோணத்துக்காரர். பாட்டுக்குப் பின்னால் இருப்பது அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு தமிழ்நாடு திரும்ப நேர்ந்த குடும்பம். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. காட்டைத் தோட்டமாக்கியவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் இடமில்லை. இதுவும் பச்சைப் பாலைதான்.

அந்தப் பாட்டு யாருடையது என்று 2022இல் பெரிய சர்ச்சை நடந்தது. எழுதியவருக்கா, இசையமைத்த சந்தோஷ் நாராயணனுக்கா, சேர்ந்து பாடிய தீக்கா என்று அவரவர் தரப்பைச் சொன்னார்கள். அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, 2024இல் அறிவு தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர்: 'வள்ளியம்மா பேராண்டி'. நிலத்தின் மைந்தன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இன்னாருடைய பேரன் என்கிறார். அதை உரிமைப் பத்திரமாக நான் படிக்கவில்லை, கடன் சீட்டாகப் படிக்கிறேன்.

என் வேலையில் அளவுமானிகளை வருஷத்துக்கு ஒரு முறை கேலிப்ரேஷனுக்கு அனுப்புவோம். ஒரு பிரஷர் கேஜ் எவ்வளவு விலையுயர்ந்தது, எந்த நாட்டில் செய்தது என்று ஆடிட்டர் கேட்பதில்லை. கடைசியாக எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள் என்றுதான் கேட்பார். பாட்டுக்கும் அதைத்தான் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நீ எங்கே பிறந்தாய், எவ்வளவு கஷ்டப்பட்டாய் என்பது இரண்டாம் பட்சம். நீ பாடியது தப்பென்று சொல்லக்கூடியவரின் காதில் அது விழுந்ததா? விழுந்த பிறகு நீ என்ன செய்தாய்? வெளியிலிருந்து வந்தவனும் இந்தச் சோதனையில் தேறலாம். அங்கேயே பிறந்தவனும் தோற்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கும் தெரியும். திருத்தக்கூடியவர்கள் என்றைக்கும் இருக்க மாட்டார்கள். பாட்டி இருந்த தோட்டம் முதலில் செம்பனையாகி, பிறகு கிடங்குகளாகிவிட்டது. லயத்தில் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பது அவர் கணக்கில் மூன்று பேர். அவர்களும் போன பிறகு என் பாட்டை எதோடு ஒப்பிடுவது? புத்தகங்கள் உண்டு, பதிவுகள் உண்டு. ஆனால் மழைச் சத்தத்தில் எழுந்திரிக்காமல் அழுத அம்மாவைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பசியாறிய பிறகு பாட்டியோடு உட்கார்ந்து பதிவு செய்கிறேன். பாட்டுக்காக இல்லை. பாட்டு வந்தால் வரட்டும்.

கெல்ப் மேடையில் தன் பழைய பாட்டுகளை மாற்றி மாற்றிப் பாடுபவர். முன்பெல்லாம் அது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன். என் பாட்டின் கடைசி அடியை மாற்றினேன். மழையை எடுக்கவில்லை. மழைக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பானையை வைத்தேன்.

போன வாரம் பாட்டிக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்ப பரவால்ல," என்றார். பிறகு, "ஆனா எங்கூட்ல பானை இல்லடா. பிஸ்கட் டின்னு."