கும்மி வட்டமும் குறையுடம்பும்

கூத்தப்பெருமானை வழிபடும் சைவ நன்மக்கள் ஆராய்தற்குரிய வினா ஒன்று உண்டு. பலர் கூடி ஆடும் ஆடல் இளமையும் உடல்வன்மையும் உடையார்க்கே உரியதோ? அன்றி, முதியோர், நோயுற்றோர், உறுப்புக் குறைந்தோர், வேற்றுமொழியும் வேற்றுவழக்கும் உடையோர் ஆகிய எல்லார்க்கும் உரியதோ? இது பொழுதுபோக்குப் பற்றியதென்று சிலர் கருதுவர். அற்றன்று, உடம்பு எதன்பொருட்டுத் தரப்பட்டது என்னும் சித்தாந்த வினாவே இவ்வடிவில் நம்முன் நிற்கின்றது.

அடியேன் உள்ளத்தில் இவ்வினா எழுந்த இடம் சிவகாசிக்கு அணித்தாகிய ஒரு சிற்றூர். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரிகளை நடுவே வைத்து மகளிர் வட்டமாகச் சுற்றிக் கும்மி கொட்டினர். பட்டாசுத் தொழிலில் விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன முதியாள் ஒருத்தி வட்டத்தின் புறத்தே நின்றாள். ஆடிய இளம்பெண் ஒருத்தி, "வாங்க பெரியம்மா, நீங்களும் சேந்துக்கோங்க" என்றாள். "கை கொட்ட வராதும்மா, உங்க தாளந்தான் கெட்டுப்போகும்" என்பது விடை. "நீங்க கைய நீட்டுங்க, நான் கொட்டிக்கிறேன்" என்று அப்பெண் அவளை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டொரு சுற்றுத் தாளம் தவறியது. பின்னர் வட்டம் முழுவதும் தன் நடையைத் தளர்த்திக்கொள்ள, தாளம் மீண்டும் ஒத்தது. என்னருகிருந்த பெரியவர் ஒருவரோ முகஞ்சுளித்து, "கும்மி என்றால் கை ஒத்து விழவேண்டும், இஃது என்ன கும்மி?" என்றார்.

அவர் கூற்றை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. ஆடல் ஓர் ஒழுங்கு; ஒழுங்கு கெட்டவழி ஆடல் இல்லை. ஆயினும் அவ்வொழுங்கு எதனால் அமைவது? வலியார் சிலரது விரைவே அளவென்று கொள்ளின், மற்றையோர் புறத்தே நிற்பர். கூடினார் அனைவர்க்கும் இயைந்த நடையே அளவென்று கொள்ளின், ஒழுங்கும் கெடாது. ஒருவரும் புறத்தே நில்லார். அன்று அம்மகளிர் செய்தது பின்னையது.

இனி நூல்வழி நோக்குவோம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு இறைவன் மாயையினின்றும் ஆக்கித் தந்தவை. இருளறையில் ஏற்றிய விளக்கை ஒப்பது உடம்பு. விளக்குப் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் பயன் இருளை நீக்குதலே. அகல் சிறிதென்று அதனைக் கவிழ்த்து வைப்பாரில்லை. அங்ஙனமாக, உடம்பு தளர்ந்ததென்று ஓருயிரை வழிபாட்டுக் கூட்டத்தினின்று ஒதுக்குதல் யாங்ஙனம் பொருந்தும்?

அம்பலவன் திருக்கூட்டத்தையே எண்ணிப்பாருங்கள். அங்கே ஆடல் காணும் பதஞ்சலியார்க்கு இடைக்குக்கீழ்ப் பாம்புடல், கால்களே இல்லை. வியாக்கிரபாதர்க்குப் புலிக்கால். காரைக்காலம்மையார் ஊனுடம்பின் வனப்பை உதறிப் பேயுருவேற்று, தலையால் நடந்து கயிலை சென்று, திருவாலங்காட்டில் ஆடல் காணப்பெற்றார். எழிலுடையார் மட்டுமே குழுமிய அவை அன்று அது.

இவர்களினும் பிருங்கி முனிவர் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். அவர் அம்மையை ஒழித்து அப்பனை மட்டுமே வலம்வந்தார்; அதனால் தம் உடலின் சத்தி முழுதும் இழந்து நிற்கவும் இயலாராயினார். இறைவன் அவர்க்கு மூன்றாங்கால் ஒன்று அருளினான். அம்மூன்று காலுடன் அவர் ஆடுவதைச் சிற்பங்களில் இன்றும் காணலாம். இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. வலம்வரும் வட்டத்தினின்று ஒருவரை விலக்கியவர் தம் வலியையே இழந்தார் என்பது ஒன்று. வலியிழந்த பின்னும் அவர் ஆடலினின்று நீக்கப்படவில்லை. ஆடுதற்குரிய துணை தரப்பட்டது என்பது மற்றொன்று. முதியாள் கைக்குத் தன் கையைத் துணையாக்கிய அவ்விளம்பெண் இந்நூற்பொருளை ஓதியறிந்தவளல்லள், செய்தறிந்தவள்.

மதுரை வெள்ளியம்பலத்தின் செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. இராசசேகர பாண்டியன் ஆடற்கலை பயின்றபோது தன் உடல் நொந்தது. அந்நோவை அறிந்தபின்னரே, ஊன்றிய திருவடி எத்துணை வருந்துமோ என்று உருகிக் கால் மாறி ஆட வேண்டினான். காண்பானாக மட்டும் இருந்திருப்பின் அவ்விரக்கம் அவனுக்குத் தோன்றியிராது. உடன் ஆடுதலின் பயன் இதுவே: பிறர் நோவு தன் உடம்பால் அறியப்படுதல்.

"நோய் வினைப்பயன், நுகர்ந்தே தீர்க்கவேண்டும், அவர்க்கு ஆடல் எதற்கு?" என்பாரும் உளர். வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன். அதுவும் மலம் கழிதற்பொருட்டுச் செய்யும் அருட்செயலே. பிறனொருவன் வினைக்கணக்கை விரித்துப் படிக்கும் உரிமை நமக்கு எவரும் தந்திலர். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மேற்பட்டோர் மாண்டனர்; பலர் தீப்புண்பட்டனர். அத்தகையோரை நோக்கி 'வினை' என்று சொல்லி அகல்வது எளிது. ஆனால் காவாமையும் வினை. கண்டும் உதவாமையும் வினை. இவை நம் கணக்கில் ஏறுவன. பெருமான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகன் பெயர் ஒரு நோய்க்கும் உரியது. திருப்பாச்சிலாச்சிராமத்தில் அந்நோயுற்ற மகளைக் கொல்லிமழவன் திருக்கோயிலினுள்ளேயே கொணர்ந்து கிடத்தினான். ஆளுடைய பிள்ளையார் தீர்த்தருளினார். மிதிக்கப்படுவது நோய், நோயுற்றார் அல்லர்.

மொழியும் வழக்கும் வேறாதலும் தடையன்று. தென்பாண்டிச் சீமையில் வாழும் இராசகம்பளத்தார் இல்லத்தில் தெலுங்கு பேசுவோர். அவர்தம் தேவராட்டம் பாட்டின்றித் தேவதுந்துபியின் முழக்கிற்கே ஆடப்படுவது. பாட்டில்லாத இடத்தில் மொழி வேற்றுமை எங்கே நிற்கும்? கால் அறிந்த தாளத்தை எம்மொழியாரும் அறிவர்.

மேனாட்டிலும் இவ்வுண்மை அறியப்பட்டுள்ளது. 2001-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளின் பகுதியில் மார்க் மாரிசு நாட்டியக் குழுவினர் நடுக்குவாதம் உற்றார்க்கென ஆடல் வகுப்புத் தொடங்கினர். பின்னர் அது பல நாடுகளிலும் பரவிற்று. அந்நோயில் எடுத்த அடி நிலத்தில் ஒட்டியதுபோல் நின்றுவிடுதல் உண்டு. தாளவொலி செவியிற் படுங்கால் நின்ற அடி பெயர்தலும் உண்டு. நோய் அதனால் தீர்வதில்லை. நோயாளர் தம்மை நோயாகவே எண்ணியிருந்த நிலை சிறிது நெகிழ்கின்றது.

எல்லாரும் எல்லாம் ஆடவேண்டுமென்பது எம் கருத்தன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறி நான்காயதே உயிர்களின் தகுதி நோக்கி. ஒயிலாட்டத்தின் துள்ளல் நெஞ்சுநோயுடையார்க்கு ஆகாது. மருத்துவர் சொல்லைக் கடத்தல் பக்தியுமன்று. எழமாட்டாதார் இருந்து கை அசைக்கலாம். அதுவும் இயலாதார் பாடலாம். அம்பலத்திலே நந்தியெம்பெருமான் முழவு இயக்குகின்றார். அவர் கூத்திற்குப் புறம்பானவரோ? விருப்பமில்லாதாரை இழுத்தலும் தவறு. அழைப்பு நம் கடன்; வருதல் அவர் உரிமை.

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியலைச் சேரமான் பெருமாளுடன் வணங்கிய நம்பியாரூரர், அதற்கு முன்னர்க் கண்ணிழந்து ஊன்றுகோல் பிடித்து நடந்தவர். அவர் வழிபட்ட நாட்டில், கோல் ஊன்றி வருவார்க்கு விழா வட்டத்தில் இடமில்லையென்றல் நமக்கு அழகாகாது. திருமடங்களும் திருக்கோயிற் பொறுப்பினரும் விழாநாளில் ஒருபொழுதேனும் எல்லார்க்கும் இயைந்த மெல்லிய நடையில் கும்மியோ கோலாட்டமோ நடத்துவிப்பாராக. இருக்கை சில போடுதலும், படியில்லாத இடம் தெரிதலும், தீக்காயமுற்ற தொழிலாளரை வீடுசென்று அழைத்தலும் பெரும்பொருட் செலவல்ல.

அன்று முகஞ்சுளித்த பெரியவர் விழா முடியுமுன் எழுந்துபோய்விட்டார். அம்முதியாள் மட்டும் கடைசிச் சுற்றுவரை வட்டத்தில் நின்றாள். மழுவும் அனலும் ஏந்திய பெருமான் தீப்பட்ட கையை அறியானோ? அறிவான். அறியவேண்டியவர் நாமே.

திருச்சிற்றம்பலம்.