திருக்கேதாரப் பெருவெள்ளமும் வினைக்கொள்கையும்



இமயமலையில் மந்தாகினியாற்றின் தலைப்பாகத்தில், ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் விளங்குவது திருக்கேதாரம். திருஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருப்பதிகம் அருளிய வடநாட்டுத் தலங்களுள் அஃது ஒன்று. அவ்விருவரும் அம்மலையேறிச் சென்றாரல்லர். திருக்காளத்தியினின்றே அத்தலத்தை நினைந்து பாடியருளினர் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். கண்ணுக்கு எட்டாததனையும் அன்பு எட்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்தலத்திற்கு 2013-ஆம் ஆண்டில் நேர்ந்த பேரிடரை முன்னிறுத்தி, தொலைவிலுள்ளார் துன்பத்தைச் சைவர் எவ்வாறு நோக்கற்பாலர் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அவ்வாண்டு ஜூன் மாத நடுவில், பருவமழை தன் வழக்கமான காலத்திற்கு முன்னரே அம்மலைநாட்டை அடைந்தது. மேற்றிசையினின்று வந்த காற்றுச்சுழலும் அதனொடு கூடப் பெருமழை இடையறாது பெய்தது. 16-ஆம் நாள் மாலையிலேயே வெள்ளம் கோயிலூரைத் தாக்கிற்று. மறுநாட்காலையில், கோயிலுக்கு மேலே, பனியாறு ஒதுக்கிய கல்லும் மண்ணுமே கரையாக நின்ற சோராபாரி என்னும் ஏரி உடைந்தது. நீரும் சேறும் பாறையும் ஒருங்கே இறங்கிக் கோயிலைச் சூழ்ந்த மனைகளையும் சத்திரங்களையும் வாரிச் சென்றன. கௌரிகுண்டத்தினின்று கோயிலுக்கு ஏறும் வழியிலிருந்த இராம்பாடா என்னும் சிற்றூர் இருந்த இடந்தெரியாது ஒழிந்தது. உத்தராகண்ட மாநிலத்தில் இறந்துபட்டனராகக் கொள்ளப்பட்டோர் 5,700-க்கு மேற்பட்டவர். அவருட் பலருடைய உடலும் கிடைத்திலது. மாண்டோர் யாத்திரிகர் மட்டுமல்லர். அவரைத் தோளிற் சுமந்தோரும், கோவேறு கழுதை நடத்தினோரும், வழியிற் கடை வைத்து உண்டி விற்றோரும் அவருள் அடங்குவர்.

திருக்கோயிலோ நின்றது. வெள்ளத்தொடு வந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறத்தே தங்கி, நீரை இருகூறாகப் பிரித்து விட்டது. அதனை மக்கள் பீமசிலை என்று பெயரிட்டுப் போற்றுகின்றனர்.

இந்நிகழ்ச்சி பற்றி அந்நாளில் மூவகைப் பேச்சுக்கள் எழுந்தன. இறைவன் தன் கோயிலைக் காத்துக்கொண்டான் என்று மகிழ்ந்தார் ஒருசாரார். கட்வால் நாட்டுச் சீநகருக்கு அணித்தாக விளங்கிய தாரிதேவியின் திருவுருவம், நீர்மின் அணைக்கட்டின் பொருட்டு அந்த 16-ஆம் நாள் மாலையே இடம்பெயர்க்கப்பட்டது. அவள் சினமே இவ்வெள்ளம் என்றார் மற்றொருசாரார். இறந்தோர் தத்தம் வினையை நுகர்ந்தனர். இதற்கு யாம் செய்யக்கிடந்தது யாது என்று அமைந்தார் பிறிதொருசாரார். இம்மூன்றும் சமய மொழிகள் போலத் தோன்றலின், சித்தாந்த நெறிநின்று இவற்றை ஆராய்தல் நம் கடனாகும்.

கோயில் நின்றது கண்டு மகிழ்தல் தவறன்று. ஆயின் அம்மகிழ்ச்சி எவ்வளவிற்று என்பதே வினா. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மெய்யன்பர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் ஒருசேர வைத்து, இரண்டனையும் அரன் எனவே கண்டு தொழுமாறு பணித்தார். அடியாரை நடமாடுங் கோயிலாகக் கண்டு, அவர்க்கு ஈந்தது கோயிலில் உறையும் இறைவனுக்குச் சேரும். இறைவனுக்கென்று கோயிலில் வைத்தது அவர்க்குச் சென்று சேராது என்று கருதினார் திருமூல நாயனார். கல்லாலாய கோயில் ஒன்று நின்றது. நடமாடுங் கோயில்கள் பல்லாயிரம் வீழ்ந்தன. முன்னையதற்கு மகிழ்ந்து பின்னையதனை மறப்பின், ஆலய வழிபாட்டில் பாதியை நாமே விட்டவராவோம்.

இனி, தேவியின் சினம் என்பதும் பொருந்தாது. வெகுளி மலமுடைய உயிர்களின் குணம். மலமில்லாத முதல்வனுக்கும் அவன் சத்திக்கும் அஃது இல்லை. வருத்துதல்போலத் தோன்றும் செயலும் மறக்கருணையே என்பது நம் ஆசாரியர் துணிபு. அன்றியும், அணைக்கட்டத் துணிந்தார் ஒருவர். வெள்ளத்தில் வீழ்ந்த சுமைகூலியாளர் வேறொருவர். ஒருவர் செய்த வினையைப் பிறிதொருவர்க்கு ஊட்டுதல் முதல்வனது நடுநிலைக்கு இழுக்காம்.

மூன்றாவது பேச்சே நம்மைப் பெரிதும் மயக்குவது. நம் கொள்கையின் சொற்களையே அது எடுத்தாளுகின்றது. வினைப்பயன் பூதங்களின் வாயிலாகவும், பிற உயிர்களின் வாயிலாகவும், தன் உடம்பின் வாயிலாகவும் வந்து கூடும் என்பது உண்மையே. ஆயின் இன்ன உயிர்க்கு இன்ன வினை, இன்ன காலத்து, இன்ன வாயிலாக என்று அளந்து ஊட்டுவோன் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே. உயிரோ, அறிவித்தாலன்றி அறியாதது. ஆணவ மறைப்பால் தன் வினையையே தான் காணமாட்டாதது. அத்தகைய உயிர், காணாத ஊரில் மாண்ட அறியாத ஒருவனுடைய வினையைக் கணக்கிடப் புகுதல் முதல்வனது தொழிலைத் தான் மேற்கொள்வதாகும். அதனை ஞானம் என்பதா, ஆணவத்தின் செயல் என்பதா?

அற்றேல், வினையை நுகர்ந்தே கழிக்கவேண்டுமாதலின், துன்புறுவார்க்கு உதவுதல் இறைவன் ஆணைக்குக் குறுக்கே நிற்றலாகாதோ எனின், ஆகாது. நோயை நுகர்விப்பவனே மருந்தையும் கூட்டுவிக்கின்றான். வெள்ளம் அவன் ஆணையின்வழி வந்ததாயின், கரையேற்றும் கையும் அவ்வாணையின்வழி வருவதேயாம். அக்கையாக நாம் நின்றோமா, நில்லாதொழிந்தோமா என்பதே நமக்குரிய வினா. உதவ வல்லவன் உதவாது நின்றால், அந்நிலையும் ஒரு வினையே. அது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். பிறர் பிராரத்தத்தைப் பேசிக்கொண்டே தன் ஆகாமியத்தைப் பெருக்குதல் பேதைமையன்றோ!

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் செய்தது யாது? அது மக்கள் வினை என்று கூறி வாளா இருந்தனரோ? இறைவன்பால் நாடோறும் படிக்காசு பெற்று, இரண்டு திருமடங்களிலும் அடியார்க்கு அமுதளித்தனர். வினைக்கொள்கையை அவரினும் நன்கறிந்தார் யாவர்?

கேதாரத்தும் அவ்வகைத் தொண்டு நிகழ்ந்தது. படைவீரரும் மீட்புப் பணியாளரும் ஓரிலக்கத்தின் மேற்பட்டோரை அம்மலைகளினின்றும் மீட்டனர். ஜூன் 25-ஆம் நாள், அப்பணியில் ஈடுபட்ட ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்டத்தருகே வீழ, அதிலிருந்த 20 பேரும் உயிர்துறந்தனர். தாம் காக்கச் சென்றவரின் குலமும் ஊரும் வினையும் அவர் வினவினாரல்லர்.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். முன்வினை நமக்குப் புலனாகாது. இப்பிறப்பில் மக்கள் கண்முன்னே செய்யும் வினை புலனாம். ஆறு பாயும் நிலத்தில் மனைகள் எழுந்தன. மலை தாங்கும் அளவு கருதாது வழியும் விடுதியும் பெருகின. மழையின் கொடுமைக்கு இவை காரணமல்லவாயினும், இழப்பின் பெருக்கத்திற்கு ஒருவாற்றான் காரணமாயின. காணப்படாத வினையை விரித்துரைப்பார் காணப்படும் இவ்வினையைத் திருத்த முற்படாமை வியப்பே. அம்மாநிலத்தின் சமோலிப் பகுதியில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் இருஷிகங்கையில் மீண்டும் வெள்ளம் வந்து, இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாதும் போயினர். ஆதலின் இஃது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செய்தியன்று.

எனவே, வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு அருளப்பட்டது. பிறர் துன்பத்தை அளத்தற்கு அருளப்பட்டதன்று என்று தெளிக. தனக்கு இடர் வருங்கால் என் வினை என்க. பிறர்க்கு வருங்கால் என் கடன் என்க. இவ்விரண்டும் இடம்மாறின், சித்தாந்தச் சொல் நாவில் இருப்பினும் அதன் பொருள் நெஞ்சில் இராது.

திருமடத்துத் தலைவர்களும் அன்பர்களும், எந்நாட்டில் இத்தகைய இடர் நேர்ந்ததென்று கேட்பினும், அன்றே ஒரு பிடி அமுதும் ஒரு காசும் அவர்க்கென எடுத்துவைத்து, மாண்டோர் பொருட்டு ஐந்தெழுத்தோதி வழிபடும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக. கேதாரத்தில் 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பூசனை மீளத் தொடங்கிற்று. ஆயின் அம்மலைச் சிற்றூர்களில், உழைத்து வந்த ஆடவரை இழந்த மனைகளில் அடுப்பு எரிதலும் பூசனையே என்று கொள்ளுதல் நம் கடன். காளத்தியில் நின்று கேதாரத்தைக் கண்ட அருட்கண்ணில் ஒரு சிறுகூறேனும் நமக்கு வாய்ப்பதாக.

திருச்சிற்றம்பலம்.