விழாவுக்குச் சேர்த்த காசு

சிக்கனத்தைப் பற்றி அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் விழாக் காலத்தில்தான் கூறுகின்றனர். அதையும் ஏழைகளைப் பார்த்தே கூறுகின்றனர். ஒருநாள் கூத்துக்காக ஓராண்டு உழைப்பைக் கரைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆயின், திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் எளிய மக்கள் விழாவுக்காக எவ்வாறு காசு சேர்க்கின்றனர் என்பதை அருகிருந்து நோக்கினால், கேட்டவரையே திருப்பிக் கேட்கத் தோன்றும்.

தீபாவளிச் சீட்டு, கிறிஸ்துமஸ் சீட்டு, பொங்கல் சீட்டு எனப் பெயர்கள் பலவாயினும் முறை ஒன்றே. வாரம் நூறு ரூபாய் கட்டுவதாகக் கொள்வோம். ஓர் அட்டை, அதில் ஐம்பத்திரண்டு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பணம் பெற்றதற்கு ஒரு கையெழுத்து. ஆண்டு முடிவில் 5,200 ரூபாய்க்கு ஈடாக அரிசி, எண்ணெய், மளிகை, இனிப்பு, சில இடங்களில் ஓர் எவர்சில்வர் பாத்திரம். கட்டியவருக்கு வட்டி இல்லை. சீட்டுப் பிடிப்பவரோ அப்பணத்தை இடையில் வட்டிக்கு விட்டுப் பெருக்கிக் கொள்ளலாம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகும் பெண்ணும், நிலக்கோட்டையில் பூக்கட்டும் மூதாட்டியும், சின்னாளபட்டி நெசவாளியும் இந்தக் கணக்கை அறியாதவர்கள் அல்லர். அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு உண்டு. அதற்கு வட்டியும் உண்டு. பின் ஏன் சீட்டு?

வீட்டில் கிடக்கும் காசுக்கு உரிமை கொண்டாடுவோர் பலர் என்பதே விடை. பிள்ளையின் காய்ச்சல், மாமனாரின் மருந்து, கணவனின் குடி, நாத்தனார் கேட்கும் கைமாற்று. அரிசிப் பானைக்குள் ஒளித்த நூறு ரூபாய் வெள்ளிக்கிழமை வரை தாங்காது. வாசலுக்கே வந்து வாங்கிச் செல்லும் சீட்டுக்காரர், அவளது பணத்தை அவள் கைக்கே எட்டாத இடத்தில் வைக்கிறார். இழந்த வட்டி அந்தக் காவலுக்கு அவள் தரும் கூலி. சிற்றூர்களில் இதே வேலையை ஆட்டுக்குட்டி செய்கிறது. அது நான்கு கால் உண்டியல். ஆட்டின் ஒரு காலை மட்டும் விற்று யாருக்கும் கடன் கொடுக்க இயலாது. ஆதலால் முழு ஆடும் விழா வரை நிற்கிறது.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? விழா வராமல் இருக்காது. கடன் வாங்குவாள். பத்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் முதலுக்குச் சமமான தொகை போய்விடும், முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது உண்மை. ஆனால் டிசம்பர் 23 மாலையில் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்க வேண்டியவளுக்குச் சட்டப் புத்தகம் பணம் தராது. எனவே விழாச் சீட்டை ஊதாரித்தனத்தின் தொடக்கம் என்பது பிழை. கடன்காரன் முன் தலை குனியாத ஒரு சனவரி மாதத்தை அவள் முன்கூட்டியே விலைகொடுத்து வாங்குகிறாள்.

இங்கு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1965-இல் வந்த போனஸ் சட்டம், பின்வந்த திருத்தத்தால், குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு மாத ஊதியம் தரவேண்டும் என வகுத்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது பெரும்பாலும் விழாவையொட்டியே கைக்கு வருகிறது. அதை ஊதாரித்தனம் என்று எவரும் பழித்ததில்லை. தினக்கூலிக்காரி அந்தப் பதின்மூன்றாம் மாதத்தைத் தன் கையாலேயே உண்டாக்கிக் கொள்ளும்போது மட்டும் நமக்கு உபதேசம் பிறக்கிறது!

பெத்தானியாவில் மரியா ஊற்றிய நறுமணத் தைலம் முந்நூறு தெனாரியம் பெறும். ஒரு தெனாரியம் அன்று ஒரு நாள் கூலி. ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு ஒரு நாழிகையில் கரைந்தது. ஏழைகளின் பெயரால் அங்கே சிக்கனம் பேசியவன் யூதாசு. பணப்பை அவனிடமே இருந்தது, அதிலிருந்து அவன் எடுத்துக் கொள்வதும் உண்டு என்கிறார் யோவான். செலவிடுபவரைக் கேள்வி கேட்குமுன் பையை வைத்திருப்பவரை நோக்குவது நலம். பிரிட்டனில் வாரந்தோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கெனப் பணம் திரட்டிய ஃபேர்பேக் நிறுவனம், 2006 அக்டோபரில், விழாவுக்கு இரண்டே மாதம் இருக்கையில் கவிழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெறுங்கையராயினர். நம் செய்யாறில் 2022-இல் தீபாவளிச் சீட்டுக் கட்டியோர் வீதிக்கு வர நேர்ந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-லேயே வந்திருந்தும் இது நிகழ்ந்தது. அங்கே தொலைந்தது பணம் மட்டுமன்று. அண்டை வீட்டாரை நம்பிச் சேர்த்துவிட்டவளின் சொல்லும் தொலைந்தது. அதை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு முள் எஞ்சுகிறது. அக்டோபர் மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரி மருத்துவச் செலவுக்குக் கைமாற்றுக் கேட்கிறாள். "சீட்டில கட்டிட்டேன் அக்கா, கையில காசு இல்ல" என்கிறாள் நம் சகோதரி. பொய்யில்லை. ஆயின், பிறர் தேவை எட்டாதபடி காசைப் பூட்டிவைத்தது அன்பாகுமா? தன் பிள்ளைகளுக்குத் தந்த வாக்கும் ஒரு கடனே என்று நான் விடை சொல்வேன். அந்த விடை எனக்கே முழு நிறைவைத் தருவதில்லை.

திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டு மாதம் புனித செபஸ்தியார் திருவிழா நடைபெறும். நேர்ச்சையாக வரும் ஆடுகளும் கோழிகளும் அரிசியும் காய்கறியும் ஒன்றாகச் சமைக்கப்பட்டு, சாதி, மதம் பாராமல் பல்லாயிரம் பேருக்குப் பரிமாறப்படுகின்றன. வீட்டு முற்றத்தில் வளர்ந்த ஆடு அங்கே யாருடைய ஆடு என்று தெரியாத சோறாகிவிடுகிறது. கொடுத்தவளும் கொடாதவளும் ஒரே பந்தியில் உண்கின்றனர். சேர்த்தது வீணாயிற்று என்று அந்தப் பந்தியில் எவரும் சொல்வதில்லை.

எல்லா விழாவும் முத்தழகுபட்டி ஆகிவிடாது. அக்டோபரில் கேட்டு வந்தவளுக்கு ஆகஸ்டுச் சோறு மருந்தாகாது. ஆனாலும் சில வீடுகளில், அந்த வாரச் சீட்டுப் பணம் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. அட்டையில் ஒரு கட்டம் கையெழுத்தின்றி வெறுமையாய் நிற்கிறது. அடுத்த வாரம் இருநூறாகக் கட்டுவாள். அதற்கும் அபராதம் கேட்கும் சீட்டுக்காரர்கள் உண்டு.